‘ரெண்டு நாள்ல சொல்றேன்’: வாடகைக்கு வீடு விடுபவரின் கடமை

சென்ற ஆண்டு எங்கள் வீட்டு கேட்டில் ‘மாடி போர்ஷன் வாடகைக்கு’ என்று எழுதிய அட்டையைக் கம்பி வைத்துக் கட்டினேன். எங்கள் குடும்பத்தில் இப்படி ஓர் அட்டையைக் கட்டிய முதல் ஆள் நான். தாத்தா கட்டிய குடிசை புறம்போக்கில் நின்றது. அப்பாவுக்குக் கிடைத்தது அரசு கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு. நான் மதுரைப் புறநகரில் வங்கிக் கடன் வாங்கி மூன்று சென்ட்டில் வீடு கட்டினேன். எட்டு ஆண்டு கழித்து, இன்னொரு கடன் வாங்கி மாடியை எழுப்பினேன். மாடி வாடகை வந்தால்தான் அந்தக் கடனின் தவணை ஓடும். இதுதான் என் ‘சொத்துடைமை’.

அட்டையைக் கட்டிய மறுநாளே புரோக்கர் ஒருவர் வந்தார். மாடியைச் சுற்றிப் பார்த்தார். தண்ணீர் போரா, மாநகராட்சியா என்று கேட்டார். கரண்டுக்குத் தனி மீட்டரா என்று கேட்டார். அதே குரலில், அதே வரிசையில் அடுத்த கேள்வியையும் கேட்டார்: “அண்ணே, பொதுவா விடலாமா, இல்ல நம்ம ஆளுங்களுக்கு மட்டுமா?”

என் சாதி தெரிந்து அவர் இதைக் கேட்கவில்லை. ‘நம்ம ஆளுங்க’ என்பது யாராக இருந்தாலும் அவருக்கு ஒன்றுதான். எல்லா வீட்டுக்காரர்களிடமும் கேட்கிற கேள்வி அது. வீட்டுக்காரன் ஆனதும் வாடகையோடு சேர்த்து இன்னோர் அதிகாரமும் நமக்கு வந்துவிடுகிறது. யார் நம் சுவருக்கு அந்தப் பக்கம் தூங்கலாம், யார் தூங்கக் கூடாது என்று முடிவு செய்யும் அதிகாரம். அதை நாம் கேட்டு வாங்க வேண்டியதில்லை. வீட்டுச் சாவியோடு தானாகவே கைக்கு வருகிறது.

நானோ அந்த அதிகாரத்தின் எதிர்ப்பக்கத்தில் பல ஆண்டுகள் நின்றவன். 2006இல் வேலை கிடைத்து மதுரைக்கு வந்தபோது இரண்டு மாதம் வீடு தேடினேன். பதினொரு வீடுகள். “நீ என்ன சாதி?” என்று நேராகக் கேட்டவர் அதில் ஒருவர் மட்டுமே. மற்றவர்களுக்கு அந்த அவசியமே இல்லை. “சாருக்குச் சொந்த ஊரு?” என்று தொடங்குவார்கள். சொன்னதும், “அங்க எந்தத் தெரு?” என்பார்கள். தெருவுக்குப் பெயர் இல்லை, காலனி என்று சொன்னால் பேச்சு முடிந்துவிடும். அந்தச் சொல் எப்படி வசைச்சொல்லாக மாறியது என்பது எல்லோருக்கும் தெரியும். அரசு ஆவணங்களிலிருந்து அதை நீக்கப்போவதாகத் தமிழ்நாடு அரசு 2025இல்தான் அறிவித்தது. சிலர் குலசாமி எதுவென்று கேட்பார்கள். சிலர் வீட்டில் ‘பெரிய கறி’ சமைப்பீர்களா என்பார்கள். ஒருவர் எங்கள் கல்யாணப் பத்திரிகையைக் கேட்டார். கல்யாணம் ஆனவர்கள்தானா என்று உறுதி செய்துகொள்ளவாம். பத்திரிகையில் பெரியார் படமும் அம்பேத்கர் படமும் இருந்தன. அவருக்கு வேண்டிய உறுதி கிடைத்துவிட்டது.

இந்தப் பதினொரு பேரில் ஒருவர்கூட ‘வீடு இல்லை’ என்று சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எல்லோரும் சொன்ன வாசகம் ஒன்றே: “ரெண்டு நாள்ல சொல்றேன்.” மூன்றாம் நாள் போன் செய்தால் எடுக்க மாட்டார்கள். எடுத்தால், “சொந்தக்காரப் பையன் வர்றான்” என்பார்கள். பன்னிரண்டாவது வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. அவர் கேட்டது ஒரே கேள்வி: “வாடகை ஒன்னாந் தேதி தருவீங்களா, அஞ்சாந் தேதியா?” அந்த வீட்டில் ஒன்பது ஆண்டு இருந்தோம்.

இவ்வளவு பட்டவன், மேடைகளில் இதைப் பற்றிப் பேசியவன், என் கேட்டில் அட்டை கட்டிய நான்காம் நாள் என்ன செய்தேன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அன்று மாலை ஓர் இளம் தம்பதி வந்தார்கள். கணவர் மாநகராட்சியில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். மனைவி ஜவுளிக்கடையில் வேலை. பள்ளிக்குப் போகும் ஒரு பெண் குழந்தை. நான் சாதியைக் கேட்கவில்லை. “என்ன வேலை தம்பி?” என்று கேட்டேன். “இப்ப எங்க இருக்கீங்க?” என்று கேட்டேன். அவர் சொன்ன இடம் தூய்மைப் பணியாளர் குடியிருப்பு. அருந்ததியர் என்று மனம் கணக்குப் போட்டுவிட்டது. கேட்காமலே தெரிந்துகொள்ளும் வித்தையைப் பதினொரு வீட்டுக்காரர்களிடமிருந்து நானும் நன்றாகத்தான் கற்றிருக்கிறேன்.

வாடகை அவர்களுக்குச் சரி. முன்பணம் கையிலேயே கொண்டுவந்திருந்தார்கள். மறுக்க ஒரு காரணமும் இல்லை. உள்ளே போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா மெதுவாகத்தான் கேட்டார்: “என்ன ஆளுகன்னு தெரியுமாப்பா?” நான் பதில் சொல்லவில்லை. “நம்மளயே இந்தத் தெருவுல இப்பத்தான் ஏத்துக்கிட்டிருக்காக” என்றார். நான் வெளியே வந்து அந்தத் தம்பியிடம் சொன்னேன்: “ரெண்டு நாள்ல சொல்றேன்.”

சொல்லி முடித்த பிறகுதான் அந்த வாசகம் என் காதில் விழுந்தது. அவர் தலையை ஆட்டிவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனார். மூன்றாம் நாள் நானே போன் செய்தேன். “பரவாயில்ல சார், வேற இடம் பாத்துட்டோம்” என்றார். உண்மையிலேயே பார்த்துவிட்டார்களா என்பது எனக்குத் தெரியாது. அவர் குரலில் கோபம் இல்லை. அந்தப் பழகிப்போன குரலை எனக்கு நன்றாகத் தெரியும். 2006இல் அது என் குரல்.

அண்ணல் அம்பேத்கர் ‘படிநிலைச் சமத்துவமின்மை’ என்று சொன்னதை நூறு முறை மேடையில் விளக்கியிருக்கிறேன். ஒவ்வொரு படியில் நிற்பவருக்கும் கீழே இன்னொரு படி இருப்பதாகக் காட்டித்தான் சாதி தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. இதை ஆதிக்கச் சாதிக்காரர்களைப் பற்றிய பாடமாகவே நம்மில் பலர் நடத்துகிறோம். அது பட்டியல் சாதிகளுக்கு உள்ளேயும் நடக்கும் பாடம் என்பது, நம் வீட்டு மாடி காலியாகும்போதுதான் தெரிகிறது. அம்மாவை நான் குற்றம் சொல்ல மாட்டேன். அவர் வெறுப்பில் பேசவில்லை, பயத்தில் பேசினார். தெரு கொடுத்த ஒப்புதலைத் தெரு திரும்ப எடுத்துக்கொள்ளும் என்ற பயம். ஆனால் அந்தப் பயத்தின் விலையை யார் கொடுத்தது? நாங்கள் கொடுக்கவில்லை. அந்தத் தம்பியின் குழந்தை கொடுத்தது.

பரோடாவில் நடந்தது நம் தோழர்கள் எல்லோரும் அறிந்த வரலாறு. 1917இல், அமெரிக்காவிலும் இலண்டனிலும் படித்துத் திரும்பி, பரோடா சமஸ்தானப் பணிக்குப் போன அம்பேத்கருக்குத் தங்க இடமில்லை. பார்சி பெயர் சொல்லிப் பார்சி விடுதி ஒன்றில் தங்கினார். பதினோராம் நாள் பார்சிகள் தடிகளோடு வந்து வெளியேற்றினார்கள். இந்தத் தடிகளைத்தான் நாம் எப்போதும் நினைவுகூர்கிறோம். அதற்குப் பின் நடந்ததை அவ்வளவாகப் பேசுவதில்லை. அவர் அந்த ஊரிலிருந்த இரண்டு நண்பர்களிடம் இடம் கேட்டார். ஒருவர் இந்து, ஒருவர் கிறித்தவர். நீங்கள் வந்தால் என் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார் ஒருவர். மனைவியைக் கலந்துகொள்ள வேண்டும் என்றார் மற்றவர். இருவரும் ‘முடியாது’ என்ற சொல்லைச் சொல்லவில்லை. அன்று அவர் பொதுப் பூங்கா ஒன்றில் உட்கார்ந்திருந்துவிட்டு, இரவு ரயிலில் பம்பாய்க்குத் திரும்பினார். தடி எடுத்தவர்கள் ஒரு கதவைத்தான் மூடினார்கள். மீதிக் கதவுகளை மூடியவர்கள் ‘கேட்டுச் சொல்கிறேன்’ என்ற நல்லவர்கள். அந்த நல்லவர்களின் வரிசையில்தான் நானும் போய் நின்றேன்.

சட்டம் இதற்கு என்ன சொல்கிறது என்று தேடிப் படித்தேன். குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 1955இன் 4ஆம் பிரிவு, தீண்டாமையின் பேரில் ஒருவர் எந்தப் பகுதியிலும் குடியிருப்பு கட்டுவதையோ, வாங்குவதையோ, அதில் குடியிருப்பதையோ தடுப்பது குற்றம் என்கிறது. அதே சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராக இருந்தால், மாறாக நிரூபிக்கப்படும் வரை அந்தச் செயல் தீண்டாமையின் பேரில் நடந்ததாகவே நீதிமன்றம் கொள்ள வேண்டும். எழுத்தில் எவ்வளவு வலுவான சட்டம்! ஆனால் ‘ரெண்டு நாள்ல சொல்றேன்’ என்பதை எந்தக் காவல் நிலையத்தில் போய்ப் புகாராக எழுதிக் கொடுப்பது? மறுப்பே இல்லாத மறுப்பு அது.

இன்னொரு சட்டம், வாடகைச் சட்டம். 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாகத் தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டுச் சட்டம் வந்து, 2019இல் நடைமுறைக்கு வந்தது. வீட்டுக்காரர், குடித்தனக்காரர் ஆகிய இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் சட்டம் இது. குடித்தனம் வைத்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதை இது விரிவாகச் சொல்கிறது. குடித்தனத்துக்கு வருகிறவரைச் சாதி பார்த்துத் திருப்பி அனுப்பாதே என்று சொல்லவில்லை. அந்தக் கதவு வீட்டுக்காரர் கையிலேயே விடப்பட்டிருக்கிறது.

இந்த இரண்டு சட்டங்களையும் படித்து முடித்தபோது எனக்கு ஒன்று புலப்பட்டது. சாதி எழுத்தில் வருவதில்லை. எழுதாமல் விட்ட இடங்களில்தான் வருகிறது. வாடகை எவ்வளவு என்று எழுதாமல் விட்டால், ஆளைப் பார்த்து வாடகை சொல்லலாம். முன்பணம் எப்போது திரும்பும் என்று எழுதாமல் விட்டால், ஆளைப் பார்த்துப் பிடித்துக்கொள்ளலாம். தண்ணீர் எத்தனை மணிக்கு என்று எழுதாமல் விட்டால், ஆளைப் பார்த்து மோட்டாரை நிறுத்தலாம். ‘அதெல்லாம் நம்பிக்கைதானே, எதுக்கு எழுதிக்கிட்டு’ என்று வீட்டுக்காரர் சொல்லும்போது, அந்த நம்பிக்கை யாருக்குச் சாதகமானது என்று கேட்க வேண்டும். ஆகவே நாம் எழுத வேண்டும். முதல் முறை வீடு வாடகைக்கு விடும் தோழர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். வீட்டுக்காரரின் நல்ல மனதை நம்பாதீர்கள், அந்த வீட்டுக்காரர் நீங்களாகவே இருந்தாலும்.

அந்தத் தம்பியின் போனுக்குப் பிறகு, ஒரு நோட்டில் என்னை நானே கட்டிப்போடும் விதிகளை எழுதினேன்.

முதலாவது, யாருக்கு வீடு என்பது. வாடகையையும் முன்பணத்தையும் அட்டையிலேயே எழுதினேன். எத்தனை பேர் தாராளமாக இருக்கலாம் என்பதையும் எழுதினேன். அதற்கு ஒத்துக்கொண்டு முதலில் வருபவருக்கே வீடு. அங்கேயே, அப்போதே பதில். கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: எத்தனை பேர், எப்போது வருகிறீர்கள், வாடகை எந்தத் தேதியில் தர முடியும். ஊர், தெரு, குலசாமி, அடுப்பில் என்ன வேகிறது, நெற்றியில் என்ன இருக்கிறது என்பதெல்லாம் வாடகைக்குத் தொடர்பில்லாதவை. ‘சைவம் மட்டும்’ என்ற பலகையைப் பற்றித் தனியாகச் சொல்லவே வேண்டாம். அது சாப்பாட்டைப் பற்றிய பலகை அல்ல என்பது எழுதுகிறவருக்கும் தெரியும், படிக்கிறவருக்கும் தெரியும்.

இரண்டாவது, முன்பணம். சென்னையில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்கும் வழக்கம் பலருக்கும் தெரியும். சேமிப்பில்லாத குடும்பத்தை, சாதியைக் கேட்காமலே வெளியே நிறுத்தும் வேலி அது. வேறு உடன்பாடு இல்லாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டுச் சட்டம். ‘வேறு உடன்பாடு’ என்ற ஓட்டை வழியாகப் பத்து மாதம் நுழைந்துவிடுகிறது. நான் இரண்டு மாதம் என்று எழுதினேன். காலி செய்த ஒரு மாதத்துக்குள் பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. ‘பெயிண்ட் காசு’ என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்ளும் பழக்கம் எங்கும் இருக்கிறது. அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையைப் பாருங்கள். சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட், குழாய் மாற்றுவது, வயரிங், கட்டடப் பழுது எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. பைப் வாஷர், சுவிட்சு, உடைந்த ஜன்னல் கண்ணாடி போன்றவை குடித்தனக்காரர் பொறுப்பு. இந்த அட்டவணையை நகலெடுத்து ஒப்பந்தத்தோடு இணைத்தேன்.

மூன்றாவது, ஒப்பந்தமும் பதிவும். வாய்ப்பேச்சில் குடித்தனம் வைப்பதைச் சட்டம் ஏற்கவில்லை. எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து, பதிவு எண் பெற வேண்டும். அரசின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். பல வீட்டுக்காரர்கள் இதைச் செய்வதில்லை. வாடகை வருமானம் கணக்கில் வந்துவிடுமே என்று பயம். ஆனால் பதிவான ஒப்பந்தம் குடித்தனக்காரருக்கு வெறும் காகிதம் அல்ல. ரேஷன் கார்டுக்கும், பிள்ளையைப் பக்கத்துப் பள்ளியில் சேர்ப்பதற்கும், கேஸ் இணைப்புக்கும் முகவரி அதுதான். முகவரி இல்லாமல் தலைமுறைகளாக அலைந்த நமக்கு, ஒருவருக்கு முகவரி கொடுப்பது என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

நான்காவது, மின்சாரமும் தண்ணீரும். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புகளுக்குக் குறிப்பிட்ட அளவு மின்சாரம் இலவசம். மாடிக்குத் தனி இணைப்பு வாங்காமல், சின்ன மீட்டர் ஒன்றை மாட்டி யூனிட்டுக்கு ஒரே விலை என்று வசூலிக்கும் வீட்டுக்காரர், குடித்தனக்காரருக்கு அரசு கொடுப்பதைத் தன் பையில் போட்டுக்கொள்கிறார். நான் தனி இணைப்பு வாங்கினேன். மோட்டார் சுவிட்சை மாடிப்படி ஓரத்தில், இருவருக்கும் எட்டும் இடத்தில் வைத்தேன். வாடகை பாக்கி என்றாலும், சண்டை என்றாலும், தண்ணீரையோ மின்சாரத்தையோ வீட்டுக்காரர் நிறுத்தக் கூடாது என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. ஊர்க் கிணற்றிலும் குளத்திலும் தண்ணீர் மறுக்கப்பட்ட வரலாறு நமக்கு உண்டு. மகாடில் எதற்காகப் போராடினார்கள் என்று படித்தவர், மாடி வீட்டின் வால்வை மூடலாமா?

ஐந்தாவது, வாசல். சாவி ஒன்று நம்மிடம் இருக்கிறது என்பதற்காக நினைத்தபோது உள்ளே போக முடியாது. 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்தில் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். யார் வருகிறார்கள், எத்தனை மணிக்கு வருகிறார்கள், தனியாக இருக்கும் பெண்ணைப் பார்க்க யார் வந்தார்கள் என்பதெல்லாம் வீட்டுக்காரரின் வேலை அல்ல. சாதி மறுப்புத் திருமணம் செய்துகொண்டு ஊரைவிட்டு ஓடிவரும் பிள்ளைகளுக்கு முதலில் தேவைப்படுவது ஒரு வாடகை வீடு. அவர்களைத் தேடி வருபவர்களுக்கு முதலில் தகவல் கொடுக்கக் கூடியவரும் வீட்டுக்காரர்தான். நாம் எந்தப் பக்கம் நிற்கப் போகிறோம் என்பதை அந்த நேரத்தில் யோசிக்க முடியாது. முன்பே முடிவு செய்திருக்க வேண்டும்.

இந்த ஐந்தோடு நோட்டை மூடிவிட்டேன். ஆறாவது விதி இரண்டு மாதம் கழித்து வந்தது.

மாடிக்குக் குடித்தனம் வந்துவிட்டது. மருத்துவமனை ஒன்றில் செவிலியராக இருக்கும் ஒரு பெண், அவருடைய அம்மா, பையன். விதிப்படி, முதலில் வந்து ஒத்துக்கொண்டவர்கள். எங்கள் பகுதியில் பாதாளச் சாக்கடை இல்லை. இரண்டு குடும்பத்தின் கழிவும் ஒரே செப்டிக் டேங்க்குக்குத்தான் போக வேண்டும். ஒரு மழை நாளில் டேங்க் நிரம்பி வழிந்தது. பக்கத்து வீட்டுக்காரர் அக்கறையாக ஒரு போன் நம்பர் கொடுத்தார். “லாரிக்காரன் அடியில கெட்டியா இருக்குறத எடுக்க மாட்டான். இவங்ககிட்ட சொன்னா ரெண்டு பேரு வந்து இறங்கிச் சுத்தமா அள்ளிடுவாங்க. காசும் கம்மி” என்றார். ‘இவங்க’ எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டேன். அவர் சொன்னது அந்தத் தம்பி முன்பு இருந்த அதே குடியிருப்பு.

நம்பர் எழுதிய காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். என் மாடிக்கு ஏற முடியாதவர்கள் என் குழிக்குள் இறங்கலாம். சாதியை இதைவிடச் சுருக்கமாக எனக்கு யாரும் விளக்கியதில்லை.

கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், பாதாளச் சாக்கடையையும் செப்டிக் டேங்க்கையும் பாதுகாப்பின்றி ஆளை இறக்கிச் சுத்தம் செய்வதையும் தடை செய்கிறது. வேலைக்கு வைத்தவர் யாராக இருந்தாலும் குற்றவாளி. அது மாநகராட்சிக்கும் ஒப்பந்தக்காரருக்கும் மட்டுமான சட்டம் அல்ல, வீட்டுக்காரருக்கும்தான். முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும். இப்படி இறந்தவர்களின் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2014இல் உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், 2023இல் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்தது, சாவு நிற்கவில்லை. நச்சு வாயு தாக்கி ஒருவர் மயங்கி விழ, அவரைத் தூக்க இறங்கியவரும் சாவது நம் மாநிலத்தில் திரும்பத் திரும்ப வரும் செய்தி. அந்தச் செய்திகளில் ஒரு வீட்டுக்காரர் எப்போதும் இருக்கிறார். ‘அடியில கெட்டியா இருக்கு’ என்று சொன்ன வீட்டுக்காரர்.

உரிமம் பெற்ற கழிவுநீர் லாரியைக் கூப்பிட்டேன். தண்ணீர் பாய்ச்சிக் கலக்கி, குழாய் போட்டு உறிஞ்சினார்கள். கூடுதல் பணம் ஆனது, இரண்டு நடை ஆனது. ஒப்பந்தத்தில் ஆறாவது விதியைச் சேர்த்தேன்: செப்டிக் டேங்க்கைச் சுத்தம் செய்வது வீட்டுக்காரர் பொறுப்பு, எந்தக் காரணத்துக்காகவும் மனிதரை உள்ளே இறக்கக் கூடாது, இருவரில் யாரும் அதற்கு ஆள் கூப்பிடக் கூடாது. டேங்க் மூடியிலும் பெயிண்டில் எழுதிவைத்தேன்: ‘ஆள் இறங்கக் கூடாது.’

அன்று இரவு அம்மா சாப்பிடும்போது தானாகவே பேச்சை எடுத்தார். “அந்தப் பையன் அன்னைக்கு மாடியப் பாக்க வந்தப்ப, செருப்பக் கேட்டுக்கிட்டயே கழட்டிப் போட்டுட்டு வந்தான்ப்பா” என்றார். நான் அதைக் கவனிக்கவில்லை. அம்மா கவனித்திருக்கிறார். இளவயதில், ஊருக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தவர் அவர். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

இதை எழுதும்போது வரக்கூடிய மறுப்புகள் எனக்குத் தெரியும். ‘என் வீடு, என் உழைப்பு, யாரை வைப்பது என்பது என் உரிமை’ என்பார்கள். நம் ஆட்களும் சொல்வார்கள். உழைப்பு உண்மைதான். ஆனால் காசு வாங்கிக்கொண்டு விடும் வீடு, நாம் மட்டும் வாழும் வீடு அல்ல. அது ஊருக்குள் ஒருவர் நுழையும் வாசல். சந்தையில் கடை விரித்துவிட்டு, ஆளைப் பார்த்துத்தான் விற்பேன் என்று சொல்ல முடியாது. டீக்கடைக்காரர் தனி டம்ளர் வைத்தால் ‘அவர் கடை, அவர் உரிமை’ என்றா நாம் சொன்னோம்?

‘வாடகை வராமல் போனால் கடன் தவணைக்கு எங்கே போவது?’ என்பது இன்னொரு கேள்வி. நியாயமான கேள்வி. வாடகை பாக்கிக்குச் சட்டத்தில் வழி இருக்கிறது, வாடகை நீதிமன்றம் இருக்கிறது, பதிவான ஒப்பந்தம் வீட்டுக்காரரையும் காக்கிறது. வாடகை தரும் வழக்கம் சாதியோடு சேர்ந்து பிறப்பதில்லை. அப்படி நினைத்தால், நம்மைப் பற்றி அந்தப் பதினொரு வீட்டுக்காரர்களும் நினைத்தது சரி என்று ஆகிவிடும்.

‘ஒரு மாடி போர்ஷனால் சாதி ஒழிந்துவிடுமா?’ என்றும் கேட்பார்கள். ஒழியாது. வாடகை வீட்டில் சாதி, மதப் பாகுபாட்டை வெளிப்படையாகத் தடை செய்து, மறுப்பவர் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று சொல்லும் திருத்தம் வாடகைச் சட்டத்தில் வேண்டும். அதற்கு இயக்கங்கள் குரல் கொடுக்க வேண்டும். அதுவரை நம் கையில் இருப்பது நம் கேட். நம்மில் ஒரு தலைமுறை இப்போதுதான் வீடு கட்டி, மாடி எழுப்பி, அட்டை கட்டத் தொடங்கியிருக்கிறது. ஒதுக்கப்பட்டவர்கள் வீட்டுக்காரர்கள் ஆகும்போது, வீட்டுக்காரர் என்ற சொல்லுக்கு வேறு பொருள் வருமா, அல்லது நமக்குத்தான் அந்தப் பழைய பொருள் வந்துவிடுமா என்பது இந்தத் தலைமுறையில் தெரிந்துவிடும்.

மாடியில் இருக்கும் செவிலியர் என்ன சாதி என்று எனக்குத் தெரியாது. அவர் காலி செய்யும் நாளில் அட்டையை மறுபடி கட்டுவேன். அந்தத் தம்பியின் நம்பரை அழிக்காமல் வைத்திருக்கிறேன். முதலில் அவருக்குத்தான் போன் செய்வேன். அவருக்கு இனி என் வீடு தேவைப்படாமல் இருக்கலாம், என்னை நம்ப மனமில்லாமலும் இருக்கலாம். வேறு யார் வந்தாலும், அந்தத் தலைமையாசிரியை என்னிடம் கேட்டதைத்தான் கேட்பேன்: வாடகை ஒன்றாம் தேதியா, ஐந்தாம் தேதியா?